சர்க்கரையும் பெருங்குடலும் என் மச்சானும்

1

ஐம்பதாவது பிறந்தநாளுக்கு எனக்கு இரண்டு பரிசுகள் வந்தன. ஒன்று, என் மகள் யாழினி செய்த சர்க்கரை போடாத கேக். அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சர்க்கரை போடாத கேக்கைப் பற்றி யாராலும் அதிகம் சொல்ல முடியாது. இன்னொன்று, இங்கிலாந்து அரசாங்கம் தபாலில் அனுப்பிவைத்த ஓர் உறை.

கறம்பக்குடிப் பக்கத்து ஆள் நான். லெஸ்டர் நகரத்துக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இத்தனை வருடத்தில் இந்த அரசாங்கம் எனக்கு அனுப்பியதெல்லாம் வரி கட்டு, விசா புதுப்பி, வண்டியைத் தப்பான இடத்தில் நிறுத்தினாய் என்கிற வகைக் கடிதங்கள்தான். அதனால் உறையை எச்சரிக்கையாகத்தான் பிரித்தேன். உள்ளே பச்சை மூடி போட்ட ஒரு சின்னக் குப்பி. மூடியோடு ஒட்டிய ஒரு குச்சி. படம் போட்டு விளக்கிய ஒரு தாள். தபால்தலை தேவைப்படாத பதில் உறை.

என் மனைவி செண்பகம் குப்பியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னங்க இது, காதுக்கு ஊத்துற மருந்தா?"

"இல்ல. நம்ம மலத்த இந்தக் குச்சியால தொட்டு, இதுக்குள்ள போட்டு மூடி, தபால்ல அனுப்பணுமாம்."

"யாருக்கு?"

"அரசாங்கத்துக்கு."

குப்பியை என் கையில் திருப்பிக் கொடுத்தாள். "அனுப்புங்க. நம்ம நாட்டுக்கு அவங்க பண்ணுனதுக்கு இதையாவது அனுப்பாம இருந்தா எப்படி?"

ஐம்பது வயதானால் இந்த ஊரில் எல்லோருக்கும் வருகிற உறைதான் அது. பெருங்குடலில் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க, மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் கலந்திருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். நம்மூரில் ஐம்பது வயதானவனுக்கு மாலை போடலாமா, பேரப்பிள்ளை எப்போது என்று கேட்பார்கள். இங்கே இதைக் கேட்கிறார்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு பண்பாடு.

2

குச்சிக்குப் போகும் முன் என் சர்க்கரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நான் வேலை பார்ப்பது ஒரு கேக் ஆலையில். சர்க்கரை வியாதிக்காரன் கேக் ஆலையில் வேலை பார்ப்பது எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். நாள் முழுக்கச் சாக்லேட் வாசனைக்கு நடுவே நின்று, கேக் கோணலாக இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுவது என் தொழில். கோணலானவை எங்களுக்கே இலவசம். என் சர்க்கரை ஏறியதற்கு நான் காரணமில்லை, அந்தக் கோணல்தான் காரணம் என்று டாக்டரிடம் வாதாடிப் பார்த்தேன். எடுபடவில்லை.

எனக்குச் சர்க்கரை வந்த அதே வருடம் ஊரில் என் மச்சான் ராமையாவுக்கும் வந்தது. செண்பகத்தின் அண்ணன். கறம்பக்குடியில் மோட்டார் தூக்குகிற வண்டி வைத்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் ஆழ்குழாய்க் கிணற்றைப் 'போர்' என்போம். போரில் மோட்டார் சிக்கிக்கொண்டால், பைப் உடைந்தால், தண்ணீர் நின்றுபோனால் மச்சானைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு கேமராவை வயரில் கட்டி உள்ளே இறக்கி, மேலே டிவியில் பார்த்து, "அந்தா பாருங்க, அந்த எடத்துல கல்லு சரிஞ்சு கெடக்கு" என்று சொல்லிவிடுவார்.

சர்க்கரை விஷயத்தில் நாங்கள் இருவரும் ஒரே பள்ளிக்கூடம். ஒரே குறுக்குவழி. ரத்தப் பரிசோதனையை நாங்கள் நோயைக் கண்டுபிடிக்கிற வேலையாக ஒருநாளும் நினைத்ததில்லை. அது பரீட்சை. பாஸாக வேண்டும், அவ்வளவுதான். பரிசோதனைக்கு முந்தின இரண்டு நாள் சோற்றைத் தொடமாட்டோம். பாகற்காய் ஜூஸ், வெந்தயம், ஊரைச் சுற்றி நடை. மூன்றாம் நாள் ரத்தம் கொடுத்துவிட்டு நேரே புரோட்டாக் கடை. பிறகு ஃபோனில் மார்க் ஒப்பிடுவோம்.

"மாப்ள, நூத்தி முப்பதுதான். டாக்டரே கையக் குடுத்தாரு."

"எனக்கு ஒங்களவிடக் கம்மி மச்சான்."

இப்படியே வருடங்கள் ஓடின. இங்கேயோ மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற ஒரு பரிசோதனையைச் செய்கிறார்கள். அதில் முந்தின ராத்திரிப் படிப்பு உதவாது. முதல் தடவை அந்த முடிவைப் பார்த்த நர்ஸ் என்னைப் பார்த்த பார்வையில், பிட் அடித்து மாட்டிக்கொண்ட பையனின் முகம் எனக்கு வந்திருக்கும்.

மச்சானைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊர் மாரியம்மன் கோவிலில் வருடா வருடம் பூக்குழி இறங்கி நெருப்பில் நடப்பார். போன வருடத் திருவிழா முடிந்த கையோடு ஃபோன் செய்தார்.

"மாப்ள, இந்த வருசம் காலுல சூடே தெரியல. பூவுல நடந்த மாதிரி இருந்துச்சு. ஆத்தா அருள்."

"ஆத்தா அருள் இல்ல மச்சான். சுகருல கால் நரம்பு செத்துப்போச்சு."

"வெளிநாடு போனா வாயும் வெளங்காமப் போயிரும்போல" என்று வைத்துவிட்டார். பாதத்தில் வந்த கொப்புளம் ஆற இரண்டு மாதம் ஆனது என்பதை அவர் மனைவி கலா பிறகுதான் சொன்னாள்.

3

குப்பி ஒரு வாரம் குளியலறை அலமாரியில் இருந்தது. செண்பகம் நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னைக்கு வேணாம். அஷ்டமி. நல்ல காரியம் ஆகாது."

"இது நல்ல காரியமா?"

"பின்ன? ஒடம்புக்கு நல்லதுதானே?"

நவமி, பிரதோஷம், அவள் அண்ணன் வீட்டில் யாரோ கனவில் கண்ட பாம்பு எல்லாம் கழிந்து ஒரு புதன்கிழமை வேலை முடிந்தது. எப்படி முடிந்தது என்பதை எழுதப்போவதில்லை. ஐஸ்கிரீம் டப்பா ஒன்று சம்பந்தப்பட்டிருக்கிறது. அந்த ஐஸ்கிரீமை எங்கள் வீட்டில் அதன்பின் யாரும் வாங்குவதில்லை.

அடுத்த சிக்கல், தபால்பெட்டி. எங்கள் தெருமுனையிலேயே ஒன்று இருக்கிறது. செண்பகம் விடவில்லை.

"அதுல போடாதீங்க. நம்ம தபால்காரரு நல்ல மனுசன். தீவாளிக்கு அவருக்கு முறுக்கு குடுத்திருக்கோம்."

முறுக்குக் கொடுத்த கையால் இதைக் கொடுக்க முடியாது என்பது அவள் கட்சி. மழையில் அடுத்த பேட்டைக்கு நடந்துபோய், முறுக்கு வாங்காத ஒரு தபால்காரரின் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

4

ரத்தம் இருக்கிறது என்று பதில் வந்தது.

பயப்பட வேண்டாம், இப்படி வருகிற பெரும்பாலானவர்களுக்குப் புற்றுநோய் இருப்பதில்லை, ஆனாலும் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்று ஒரு நர்ஸ் தொலைபேசியில் சொன்னார். அதற்கு முன்பாக வழக்கமான கேள்விகள். நம்மூரில் இந்தச் சமாச்சாரத்துக்கு 'மோஷன்' என்று இங்கிலீஷில் சொல்லி மானத்தைக் காப்பாற்றிக்கொள்கிறோம். இங்கிலீஷ்காரர்களோ, இடுப்புக் குழந்தையிடம் கேட்கிற 'பூ' என்கிற சொல்லைப் போட்டு என்னிடம் கேட்கிறார்கள். ஐம்பது வயதில், மீசையை வைத்துக்கொண்டு, "ஆமாம், தினமும் போகிறேன், கெட்டியாக" என்று அதே குழந்தைச் சொல்லைப் போட்டுப் பதில் சொன்னேன். யாழினி எதிரில் உட்கார்ந்து தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள்.

அவள் வேறு ஊரில் கல்லூரியில் படிக்கிறாள். மாதம் ஒருமுறை அழுக்குத் துணியோடு வந்து வெளுத்த துணியோடு போவாள். நடுவே எங்களோடு பேசுவது இங்கிலீஷில், அதுவும் தேவைக்கு. அன்றைக்கு என்ன தோன்றியதோ, "அப்பா, நான் கூட வரேன்" என்று தமிழில் சொன்னாள். மயக்கம் கொடுத்தால் வீட்டுக்குக் கூட்டிப்போக ஒரு பெரியவர் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் விதி. என் வீட்டில் பெரியவர் யார் என்பது அன்றைக்கு முடிவாயிற்று.

கேமராவுக்கு முன்னால் குடலைக் கழுவ வேண்டும். அதற்கும் முன்னால் நார்ச்சத்தே இல்லாத சாப்பாடு. ஆஸ்பத்திரி அனுப்பிய குறிப்பில் எழுதியிருந்ததைப் படித்து எனக்குக் கண் கலங்கியது. வெள்ளை அரிசிச் சோறு சாப்பிடலாம். வெள்ளை ரொட்டி சாப்பிடலாம். காய்கறி கூடாது, கீரை கூடாது, பழுப்பரிசி கூடவே கூடாது. இத்தனை வருடமாகச் சர்க்கரை டாக்டர் எதையெல்லாம் பிடுங்கினாரோ அதையெல்லாம் குடல் டாக்டர் திருப்பிக் கொடுத்துவிட்டார். செண்பகம் பொன்னி அரிசியைக் குழைய வடித்துப் போட்டாள். சாகப்போகிறவனுக்குப் பிடித்ததைப் போடுவதுபோல இருக்கிறதே என்று ஒரு கணம் தோன்றியது. ஆனாலும் இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் திட உணவே கிடையாது. தெளிந்த நீர் மட்டும். எந்தச் சர்க்கரை மாத்திரையை எப்போது நிறுத்த வேண்டும் என்று நர்ஸ் தனியாகச் சொல்லியிருந்தார். வெறும் வயிற்றில் வழக்கம்போல விழுங்கினால் சர்க்கரை சரிந்து மயங்கிவிடலாம். அப்புறம் அந்த மருந்துத்தூள். எலுமிச்சை வாசனை என்று மேலே எழுதியிருந்தது. எலுமிச்சைக்கு வக்கீல் இருந்தால் வழக்குப் போடலாம். குடித்து முடித்த அரை மணியில், எங்கள் வீட்டுக் குளியலறைக்கும் எனக்கும் இருந்த உறவு வேறு கட்டத்துக்குப் போனது. வாசல் வரைக்கும் யாழினி வந்து, கதவுக்கு வெளியே நின்று, "அப்பா, ஓகேயா? ஆப்பிள் ஜூஸ் குடிக்கிறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுக்கு இரண்டு வயதில் நான் அதே கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் கேமரா காட்டியதைத் திரையில் நானும் பார்த்தேன். இளஞ்சிவப்பாக, ஈரமாக, நீளமான ஒரு சுரங்கம். என் உள்ளே இவ்வளவு சுத்தமான இடம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. ஒரு வளைவில் சின்னதாகக் காளான்போல ஒரு சதை வளர்ச்சி. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. டாக்டர் அங்கேயே சுருக்குப் போட்டு இரண்டையும் அறுத்து எடுத்தார்.

பிறகு அவர் விளக்கினார். அவை புற்றுநோய் அல்ல, ஆனால் சும்மா விட்டால் வருடக்கணக்கில் அப்படி மாறக்கூடியவை. இரண்டாம் வகைச் சர்க்கரை இருப்பவர்களுக்கு, இல்லாதவர்களைவிடப் பெருங்குடல் புற்றுநோய் வர வாய்ப்பு ஓரளவு கூடுதல். சர்க்கரை இருந்தால் வந்தே தீரும் என்று அர்த்தமில்லை. ஆனால் இன்சுலின் சொல்பேச்சுக் கேட்காமல் போகும்போது உடம்பு இன்னும் இன்னும் சுரக்கிறது. அந்த அதிகப்படி இன்சுலின், வளரக் கூடாத செல்களுக்கும் உரமாகிவிடலாம் என்கிறார்கள். தொப்பையும் உட்கார்ந்தே இருப்பதும் இரண்டு நோய்க்கும் பொதுவான கூட்டாளிகள்.

"அதனால் ரத்தம் தெரிந்தால் மூலம்தானே என்று விடாதீர்கள்" என்றார்.

மயக்க மருந்தின் மிச்சத்தில் மிதந்துகொண்டிருந்த எனக்கு அந்த இடத்தில் தெளிந்துவிட்டது. போன மாதம் ஃபோனில் மச்சான் சொன்னது ஞாபகம் வந்தது. "ரத்தம் போவுது மாப்ள. மூலச்சூடு. சின்ன வெங்காயமும் மோரும் சாப்புடுறேன்." நான் அதற்கு, "எண்ணெ தேச்சுக் குளிங்க மச்சான்" என்று யோசனை சொல்லியிருந்தேன்.

5

வீட்டுக்கு வந்த மறுநிமிடம் கூப்பிட்டேன்.

"மச்சான், அந்த ரத்தம் நின்னுச்சா?"

"அது போவும், வரும். ஒடம்பு சூடு. வெயில்ல போர்ல நிக்கிற தொழிலு."

"எம்புட்டு நாளா?"

"பொங்கலுக்கு முன்னாடி இருந்து."

பங்குனி நடந்துகொண்டிருந்தது.

"எடை கொறைஞ்சிருக்கா?"

"கொறைஞ்சிருக்கு. சுகருக்கு நல்லதுதானே? டாக்டரு கொறைக்கத்தானே சொன்னாரு?" அவர் குரலில் பெருமை.

நான் என் காளான் கதையைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு கேட்டார்: "கேமராவ எங்கிட்டு விட்டாங்க?"

சொன்னேன்.

"செண்பகம் பக்கத்துல இருக்கா? ஃபோன அது கையில குடுங்க. ஏன்த்தா, ஒன் புருசன எந்த ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருக்கே? இதுக்கா அம்புட்டுத் தூரம் போனீக?"

செண்பகம் சிரிக்கவில்லை. "அண்ணே, ஊருல இருக்குற போரெல்லாம் கேமரா விட்டுப் பாக்குற. ஒனக்குன்னா மட்டும் கசக்குதா?"

"போருக்கு வெக்கம் கெடையாதுத்தா."

"மோட்டார் மேல வரலன்னு ஒருத்தன் வந்தா என்ன சொல்லுவே? சூடுன்னு மோர் ஊத்துவியா?"

மச்சான் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "செவ்வாக்கெழமை காப்புக் கட்டியாச்சு. ஊரை விட்டு ராத்தங்கக் கூடாது. ஆத்தா தேரு முடியட்டும், பாக்கலாம்."

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். அம்மன் கோவிலில் காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை ஊர்க்காரர் யாரும் வெளியூரில் இரவு தங்கக் கூடாது. கல்யாணமோ கருமாதியோ, போனால் பொழுது சாய்வதற்குள் திரும்பியாக வேண்டும். மச்சான் பூக்குழிக்கு விரதம் வேறு. தேர் முடிந்தால் போர் வேலை, போர் வேலை முடிந்தால் மழை, மழை முடிந்தால் அடுத்த பொங்கல் என்று அவர் தள்ளிக்கொண்டே போவார் என்பது எனக்குத் தெரியும். நானும் அதே ஜாதிதானே.

அப்போதுதான் கலா ஃபோனை வாங்கினாள். எனக்குத் தங்கை முறை. மச்சான் போர் தோண்டுகிற சத்தத்தில் பேசுவார், இவள் கோவில் மணி நின்ற பிறகு வருகிற அமைதியில் பேசுவாள்.

"அண்ணே, அங்க ராத்தங்க வேண்டியிருக்குமா?"

"இல்லத்தா. காலையில போனா சாயங்காலம் அனுப்பிருவாங்க. குடலக் கழுவுறது வீட்டுலயே பண்ணலாம். டாக்டர்ட்ட முன்னாடியே போயி, சுகர் மாத்திரைய என்ன பண்றதுன்னு கேட்டுக்கணும். அதை மட்டும் விட்றக் கூடாது."

"அப்பச் சரி." பிறகு ஃபோனுக்கு வெளியே: "ஏங்க, விரதம்தானே இருக்கீக? ஆத்தாவுக்குப் பட்டினி கெடக்குற வயிறு டாக்டருக்கும் ஒரு நாள் கெடந்தாக் கொறைஞ்சா போவும்? பொழுது சாயக் கூட்டியாந்துருவேன். ஆத்தா கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

மச்சானுக்குப் பதில் சொல்லத் தெரிந்த ஆள் ஊரில் ஒருத்திதான். மறுநாளே தஞ்சாவூர் போய் டாக்டரைப் பார்த்து நாள் குறித்துக்கொண்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிட்டார்கள்.

6

மச்சான் குடல் கழுவிய நாளின் நிலவரம் எனக்கு வாட்ஸப்பில் வந்துகொண்டே இருந்தது.

கோவிலில் மைக் செட் அலறிக்கொண்டிருந்தது. மச்சான் மருந்தைக் குடித்துவிட்டு, பெரிய மனுஷன் கோவில் பக்கம் தலைகாட்டாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று கொட்டகையில் போய் உட்கார்ந்திருக்கிறார். திடீரென்று எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், முகமெல்லாம் வியர்க்க வீட்டைப் பார்த்து ஓடியிருக்கிறார். பூசாரி அருள் வந்துவிட்டது என்று நினைத்து விபூதித் தட்டோடு பின்னாலேயே ஓடியிருக்கிறார். அவருக்குப் பின்னால் உறுமிக்காரர்.

"வாசல்ல நின்னு கொட்டுறாய்ங்கண்ணே" என்று கலா குரல்பதிவில் சொன்னாள். பின்னணியில் உறுமிச் சத்தம் தெளிவாகக் கேட்டது. "இவுக உள்ள இருந்து போகச் சொல்லிக் கத்துறாக. ஆத்தாதான் பேசுறான்னு அவய்ங்க இன்னும் வேகமாக் கொட்டுறாய்ங்க."

நானும் செண்பகமும் யாழினியும் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுச் சிரித்தோம். யாழினிக்குப் பாதி வார்த்தை புரியவில்லை, நிறுத்தி நிறுத்திக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். மச்சான் மட்டும், டாக்டர் சொன்னபடி நேரத்துக்கு நேரம் சர்க்கரை பார்த்து, குறைகிறபோது கோவில் பானகத்தை வடிகட்டிக் குடித்து, பரீட்சைக்கு முதல்முறையாக ஒழுங்காகப் படித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மாலை அவரே கூப்பிட்டார். பொழுது சாயுமுன் ஊர் திரும்பியிருந்தார்.

"மாப்ள, மூலம் இல்லையாம்."

செண்பகத்துக்கும் கேட்கட்டும் என்று ஃபோனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"டிவில காட்டுனாரு. எனக்கே தெரிஞ்சுபோச்சு. பாதி வழியில ஒண்ணு அடைச்சுக்கிட்டு நிக்குது. எத்தன போர் பாத்திருக்கேன், அவரு சொல்லணுமா?" கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "ஒங்களுது மாதிரிச் சுருக்குப் போட்டு எடுக்க முடியாதாம். அறுக்கணுமாம்."

துண்டு எடுத்துச் சோதித்த முடிவு சில நாளில் வந்தது, புற்றுநோய்தான். ஆனால் ஸ்கேனில் வேறெங்கும் பரவினதாகத் தெரியவில்லை. இதே வேகத்தில் இன்னொரு வருடம் மோர் குடித்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும் என்று அந்த டாக்டர் கோபமாகச் சொன்னாராம். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தால்தான் கத்தி வைப்பேன், புண் ஆற வேண்டும், அதுவரை இன்சுலின், காலில் சின்னக் காயம்கூடக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்.

ஆக, பூக்குழி இல்லை.

அதுதான் அவரை உடைத்தது. புற்றுநோய் என்ற சொல்லைத் தாங்கிக்கொண்ட மனிதருக்கு, விரதம் இருந்துவிட்டுக் குழிக்கு வெளியே நிற்க வேண்டும் என்பதைத் தாங்க முடியவில்லை.

"ஆத்தா கோவிச்சுக்குவாளா மாப்ள?" சேதி சொல்லக் கூப்பிட்டபோது சின்னப் பிள்ளைபோலக் கேட்டார். வழக்கமாக இந்த மாதிரிக் கேள்விக்கு என்னிடம் ஒரு கிண்டல் இருக்கும். அன்றைக்குத் தேடினேன், அகப்படவில்லை.

பின்னாலிருந்து கலா சொன்னது கேட்டது. "அவளுக்கு ஒங்க காலு எதுக்கு? முழுசா வந்து நில்லுங்க, போதும்."

பூக்குழி அன்றைக்கு மச்சான் குழிக்கு வெளியே, இறங்கி வருகிறவர்களின் காலில் பால் ஊற்றிக்கொண்டு நின்றார். படம் அனுப்பியிருந்தார்கள். சட்டை இல்லாத மார்பில் எலும்பு தெரிந்தது. காலில் செருப்பு போட்டிருந்தார். டாக்டர் உத்தரவு. கோவில் வாசலில் செருப்பு போட்டதற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லையாம்.

7

காப்பு அவிழ்த்த பிறகு தஞ்சாவூரில் ஆபரேஷன் நடந்தது. குடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்தார்கள். எல்லாம் சரியாக நடந்தது என்றார்கள். ஆனால் தைத்த குடல் திரும்ப வேலை செய்யத் தொடங்கியதா என்பது உடனே தெரியாது. அதற்கு ஓர் அடையாளம் இருக்கிறது. எந்த நாட்டு மருத்துவமும், எந்த மிஷினும், அந்த அடையாளத்தைத்தான் எதிர்பார்த்து நிற்கிறது.

காற்றுப் பிரிய வேண்டும்.

தினமும் டாக்டர் கட்டிலருகே வந்து அதே கேள்வி. "ஐயா, காத்துப் பிரிஞ்சுச்சா?" "இல்ல." வயிறு கொஞ்சம் உப்பியிருந்தது. வாய்வழி ஒன்றும் கொடுக்கவில்லை. பார்க்க வந்த ஊர்க்காரர்கள் நலம் விசாரிப்பதை விட்டுவிட்டு நேரடியாக அதையே கேட்கத் தொடங்கினார்கள். பூசாரி விபூதியோடு வந்து அதற்காகவே வேண்டிக்கொண்டாராம். செண்பகம் சமைக்கவில்லை, சாமி அலமாரிக்கு முன்னால் ஃபோனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்னும் ஒரு நாள் பார்க்கலாம், இல்லையென்றால் திரும்ப வயிற்றைத் திறக்க வேண்டிவரலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நான் வேலைக்குப் போனேன். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும். கேக்குகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. எது நேர், எது கோணல் என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டேன்.

மதியத்துக்கு முன் பையில் ஃபோன் அதிர்ந்தது. ஆலைக்குள் ஃபோன் எடுக்கக் கூடாது. எடுத்தேன். யாழினி. கல்லூரியிலிருந்து மாமாவுக்குத் தானே வீடியோ கால் போட்டிருக்கிறாள், எங்களுக்கு முந்தி அவளுக்குத்தான் சேதி தெரிந்திருக்கிறது.

"அப்பா!" என்று கத்தினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "மாமாவுக்குக் காத்துப் பிரிஞ்சிருச்சு! நான் பேசிட்டு இருக்கும்போதே! எனக்குக் கேட்டுச்சுப்பா!"

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வரிசை நின்றுவிட்டது. என் மேலாளர் ஓடி வந்தார். சிவந்த முகமுடைய, அதிகம் பேசாத இங்கிலீஷ்காரர். வேலை நேரத்தில் ஃபோன் என்று திட்டத்தான் வந்தார். என் கன்னத்தில் கண்ணீரைப் பார்த்து நின்றார்.

"வீட்டில் ஏதும் கெட்ட செய்தியா?"

நல்ல செய்திதான் என்று சொல்ல வேண்டும். இங்கிலீஷில் இதற்கு ஒரு நாசூக்கான சொல் நிச்சயம் இருக்கும். இருபது வருடத்தில் எனக்குத் தேவைப்பட்டதில்லை. அதனால் உள்ளதை உள்ளபடி, வயிற்று அறுவை சிகிச்சைக்குப் பின் என் மனைவியின் அண்ணன் குசு விட்டுவிட்டார் என்று சொன்னேன்.

அவர் வலதுகைக் கையுறையை மெல்லக் கழற்றிவிட்டுக் கையை நீட்டினார்.

"ஆபரேஷனுக்குப் பிறகு எங்கள் அப்பாவுக்குக் கடைசிவரை அது வரவே இல்லை" என்றார்.

நானும் என் கையுறையைக் கழற்றினேன். கேக்குகள் எங்களைக் கடந்து போய்க்கொண்டே இருந்தன.